எதிரி நட்ட கல்

1

கிரீட் தீவின் மேற்கே, மலைகளுக்கு நடுவில், காந்தனோஸ் என்று ஓர் ஊர். 1941 ஜூன் 3ஆம் தேதி ஜெர்மன் படை அந்த ஊரை அடியோடு எரித்தது. ஏறத்தாழ 180 பேரைக் கொன்றது. கொன்று முடித்த கையோடு, ஊர் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகைகளையும் நட்டு வைத்தது. அவற்றுள் ஒன்று சொல்வது இது: இங்கே காந்தனோஸ் என்ற ஊர் இருந்தது, 25 ஜெர்மன் வீரர்களைக் கொலை செய்ததற்குப் பழியாக அழிக்கப்பட்டது, இனி ஒருபோதும் கட்டப்படாது. போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஊரைக் கட்டிக்கொண்டார்கள். நினைவிடம் ஒன்றும் எழுப்பினார்கள். அந்த நினைவிடத்தில் அவர்கள் வைத்திருப்பது அதே அறிவிப்புகளின் பிரதிகளை. தங்களைக் கொலைகாரர்கள் என்று சொல்லும் வாசகத்தை, எழுதியவன் போன பிறகும், அவர்களே பாதுகாத்து வருகிறார்கள்.

இது என்ன கூத்து என்று தோன்றலாம். எனக்கு இது இருபதாம் நூற்றாண்டின் போர் நினைவுச்சின்னங்களிலேயே மிகக் கூர்மையான ஒன்றாகப் படுகிறது.

நமக்குக் கல் நடுவது புதிய விஷயமில்லை. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் எடுத்த மரபு நம்முடையது. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை அதன் சடங்குகளைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்து வைத்திருக்கிறது. அந்த மரபில் கல்லை நட்டவர், கல்லில் இருப்பவர், கல்லுக்குப் படையல் இடுபவர் என்று மூன்று இடங்கள் உண்டு. மூன்று இடத்திலும் ஒரே கூட்டத்தார்தான் இருப்பார்கள். நவீன தேச அரசின் போர் நினைவுச்சின்னமும் இந்த ஒருமையைத்தான் நடிக்கிறது. ‘நம்’ வீரர், ‘நாம்’ நட்டது, ‘நாம்’ வணங்குவது. கிரீட்டில் இந்த மூன்று இடங்களும் பிரிந்து கிடக்கின்றன. நட்டவன் ஒருத்தன், உள்ளே இருப்பவன் வேறொருத்தன், பார்த்துக்கொள்பவன் இன்னொருத்தன். ஒரே வான்வழித் தாக்குதலின் நினைவாக நிற்கும் மூன்று சின்னங்களை இந்தப் பிரிவினை வழியாக வாசித்துப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

2

முதலில் நடந்தது என்னவென்று பார்த்துவிடலாம். 1941 ஏப்ரலில் ஜெர்மனி கிரீஸின் பெருநிலப்பரப்பைப் பிடித்தது. தப்பிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளில் ஒரு பகுதி கிரீட்டுக்கு வந்து சேர்ந்தது. மே 20ஆம் தேதி காலை, மெர்க்குரி என்று பெயரிடப்பட்ட தாக்குதல் தொடங்கியது. யுங்கர்ஸ் விமானங்களிலிருந்து பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். இன்ஜின் இல்லாத கிளைடர்களும் வந்து இறங்கின. மாலெமெ விமானத்தளம், ஹனியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் ஆகியவை இலக்குகள். ஒரு தீவைப் பிரதானமாக ஆகாயத்திலிருந்தே பிடிப்பது என்பது அதுவரை யாரும் செய்யாத காரியம். பன்னிரண்டு நாளில், ஜூன் 1ஆம் தேதிக்குள், தீவு ஜெர்மானியர் கைக்குப் போனது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பார்த்த ஹிட்லர், அவ்வளவு பெரிய வான்வழித் தாக்குதலுக்குப் பிறகு அனுமதி தரவேயில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் முக்கியம். ஜெர்மன் பாராசூட்டின் கயிறுகள் முதுகுப் பக்கம் ஒரே இடத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். குதித்தவன் திசை மாற்ற முடியாது. காற்று கொண்டுபோகிற இடத்தில் விழ வேண்டியதுதான். பெரும்பாலான வீரர்கள் கைத்துப்பாக்கியும் கத்தியும் எறிகுண்டும் மட்டும் வைத்துக்கொண்டு குதித்தார்கள். ரைஃபிள்கள் தனிப் பெட்டிகளில் தனிப் பாராசூட்டில் இறங்கின. ஆக, ஒலிவத் தோப்பிலும் திராட்சைத் தோட்டத்திலும் வந்து விழுந்தவன், தன் துப்பாக்கிப் பெட்டியைத் தேடி ஓட வேண்டும். அந்தச் சில நிமிஷங்களில்தான் ஊர்க்காரர்கள் அவனைச் சந்தித்தார்கள். அரிவாள், கோடரி, தடி, எப்போதோ ஒளித்து வைத்த பழைய துப்பாக்கி எது கையில் கிடைத்ததோ அதோடு.

இந்த ஊர்க்காரர்கள் யார்? போருக்குப் போகும் வயதிலிருந்த ஆண்களில் பெரும்பாலோர் ஊரில் இல்லை. கிரீட்டின் ஐந்தாவது டிவிஷன் அல்பேனியப் போர்முனைக்குப் போய்ப் பெருநிலப்பரப்பிலேயே மாட்டிக்கொண்டது. ஆயுதமும் போதவில்லை. 1938இல் ஹனியாவில் மெடாக்ஸாஸின் சர்வாதிகாரத்துக்கு எதிராக ஒரு கிளர்ச்சி நடந்தது. அதன் பிறகு அரசு தீவு மக்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பறித்திருந்தது. சொந்த அரசே நிராயுதபாணிகளாக்கிய ஜனங்கள். கிழவர்கள், பெண்கள், பையன்கள், பாதிரியார்கள். இவர்கள் எதிர்ப்பார்கள் என்று ஜெர்மன் ராணுவம் எதிர்பார்க்கவில்லை.

3

எதிர்பார்க்காதது நடந்ததும் அதற்குப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஜெர்மன் ராணுவம் வைத்த பெயர் ‘கொலை’. வான்படைத் தளபதி கர்ட் ஷ்டுடெண்ட் மே 31ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டார். சுட்டுக் கொல்வது, தண்டம் விதிப்பது, ஊர்களை எரிப்பது, சில பகுதிகளின் ஆண்களை முழுவதுமாக அழிப்பது என்று பட்டியலே போட்ட உத்தரவு. விசாரணை, நீதிமன்றம் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னது. பாதிக்கப்பட்ட படைப்பிரிவுகளே பழிவாங்கலாம் என்றது.

ஜூன் 2ஆம் தேதி மாலெமெக்குப் பக்கத்தில் கொண்டொமாரி என்ற கிராமத்தின் ஆண்களை ஒலிவத் தோப்புக்குக் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். மறுநாள் காந்தனோஸ். அந்த ஊர்க்காரர்களும் சுற்றியிருந்த மலைக்கிராமத்தார்களும் மே 23 முதல் 25 வரை, தெற்குக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெர்மன் படையை மறித்துச் சண்டையிட்டிருந்தார்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். சட்டம் நடுநிலையானது என்பதால் அல்ல, ஆக்கிரமிப்பாளர்கள் தங்களை நியாயப்படுத்த அழைத்த சாட்சியே அதுதான் என்பதால். 1907ஆம் ஆண்டு ஹேக் போர் விதிகளின் இரண்டாவது பிரிவு, இன்னும் ஆக்கிரமிக்கப்படாத நிலத்தின் மக்கள், எதிரி நெருங்கும்போது அமைப்பாகத் திரள நேரமில்லாமல் தாங்களாகவே ஆயுதம் எடுத்தால், அவர்களையும் போரிடுபவர்களாகவே கருத வேண்டும் என்கிறது. ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும், போர் மரபுகளை மதிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். மே 25இல் கிரீட் ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் அல்ல, சண்டை நடந்துகொண்டிருந்தது. அரிவாளை மறைத்து வைத்துக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது.

ஆனால் ‘எதிரி நெருங்கும்போது’ என்று எழுதியவர்கள் தரையில் நடந்து வரும் எதிரியைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். எல்லை, போர்முனை, பின்னால் ஊர், ஊருக்குள் வீடு என்று ஒரு வரிசை அவர்களுக்கு இருந்தது. பாராசூட் இந்த வரிசையைக் கலைத்துவிட்டது. வீட்டுக் கொல்லைதான் இப்போது போர்முனை. கார்ல் ஷ்மிட் 1963இல் கெரில்லாவைப் பற்றி எழுதிய சிறுநூலில், மண்ணோடு பிணைந்திருப்பதை அவனுடைய அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறார். ஷ்மிட் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதை மறக்காமல் அவரை வாசிக்க வேண்டும். இருந்தாலும் இந்த இடத்தில் அவர் பயன்படுகிறார். ஒரு பக்கம் மண்ணோடு எந்த உறவும் இல்லாமல் ஆகாயத்திலிருந்து வந்து விழுகிறவன். இன்னொரு பக்கம் மண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாதவன். முன்னவனுக்குச் சீருடை இருப்பதால் அவன் செய்வது போர். பின்னவனுக்குச் சீருடை இல்லாததால் அவன் செய்வது கொலை. சீருடைதான் வன்முறைக்குப் பெயர் சூட்டுகிறது.

ஊர்க்காரர்கள் செய்தது எல்லாம் அழகானது என்று நான் சொல்ல வரவில்லை. மரத்தில் கயிறு சிக்கித் தொங்கியவனையும் கொன்றிருக்கிறார்கள். விபத்துக்குள்ளான விமானத்திலிருந்து குதிப்பவனைத் தாக்கக் கூடாது என்று 1977ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறை சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, தாக்குதலுக்காகக் குதிக்கும் வான்படையினருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் சொல்லிவிடுகிறது. குதிக்கும்போதே அவன் போரில் இருக்கிறான். அப்படியிருக்க, அவனை எதிர்கொண்டவளும் போரில்தான் இருக்கிறாள்.

இப்போது காந்தனோஸ் பலகைக்குத் திரும்பலாம். இன்னொரு பலகையின் வாசகம் முதலாவதைவிட நீளமானது. பாராசூட் வீரர்களையும் மலைப்படையினரையும் பொறியியல் படையினரையும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பாதிரியார்களும் சேர்ந்து மிருகத்தனமாகக் கொலை செய்ததற்காகவும், ஜெர்மன் பேரரசை எதிர்க்கத் துணிந்ததற்காகவும் ஊர் அழிக்கப்பட்டது என்பது அதன் சாரம். ஒரே வாக்கியத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கொலை என்றால் அது குற்றம். குற்றவாளியைத் தேடிப் பிடித்து விசாரிக்க வேண்டும், ஊரை எரிக்க முடியாது. பேரரசை எதிர்த்தார்கள் என்றால் அது போர். போரில் எதிராளி சாவதற்குக் கொலை என்று பெயரில்லை. இரண்டையும் சேர்த்து எழுதியபோது பிரதி தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அழித்ததற்கு உண்மையான காரணம் ‘துணிந்தார்கள்’ என்ற இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

ஆண்கள், பெண்கள், குழந்தைகள், பாதிரியார்கள் என்ற பட்டியலையும் பாருங்கள். எழுதியவனுக்கு அது குற்றப் பட்டியல். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் குற்றவாளிகள், அதனால் ஒருத்தரையும் விட வேண்டியதில்லை என்பதற்கான முன்னேற்பாடு. ஊர்க்காரர்கள் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே பட்டியல், பிழைத்தவர்கள் கட்டிய நினைவிடத்தில் வந்து உட்கார்ந்ததும், ஒருத்தர் பாக்கியில்லாமல் ஊரே எதிர்த்தது என்பதற்கு எதிரி கையாலேயே எழுதிக்கொடுத்த சான்றாகிவிட்டது. ஒருபோதும் கட்டப்படாது என்ற வரியை, கட்டிய ஊரில் நின்றுதான் வாசிக்கிறோம். ஒவ்வொரு முறை வாசிக்கப்படும்போதும் அந்த வரி பொய்யாகிறது. எதிர்வாசிப்பு என்று நாம் கருத்தரங்குகளில் பேசுவதை, கோட்பாடு எதுவும் படிக்காத ஒரு மலைக்கிராமம் செய்துகாட்டியிருக்கிறது.

கொண்டொமாரியிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. அங்கே சுடப்பட்டவர்களின் கடைசி நிமிஷங்களுக்குப் படங்கள் உண்டு. எடுத்தவர் ஜெர்மன் ராணுவத்தின் பிரச்சாரப் பிரிவுப் புகைப்படக்காரர் ஃப்ரான்ஸ்-பீட்டர் வைக்ஸ்லர். அவர் பின்னால் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார், கெஸ்டபோவால் கைதானார். 1945இல் கோரிங்குக்கு எதிரான நியூரம்பெர்க் விசாரணைக்கு எழுத்து வாக்குமூலமும் தந்தார். படச்சுருள்கள் ஜெர்மன் ஆவணக்காப்பகத்தில் கிடந்தன. 1980இல் வாஸோஸ் மாதியோபூலோஸ் என்ற கிரேக்கப் பத்திரிகையாளர் கண்டெடுத்தார். ராணுவம் தன் பெருமைக்காக வைத்திருந்த கேமரா, நாற்பது வருஷம் கழித்து ஊருக்குச் சாட்சியானது.

4

இரண்டாவது சின்னம் ஹனியா நகருக்கு மேற்கே, மாலெமெ போகும் சாலையோரத்தில் இருக்கிறது. 1941இலேயே, அதாவது ஊர்கள் எரிந்த அதே வருஷத்திலேயே, பாராசூட் வீரர்கள் செத்துப்போன தங்கள் தோழர்களுக்காக எழுப்பிய ஸ்தூபி அது. உச்சியில் தலைகீழாகப் பாயும் கழுகு. அதன் நகங்களில் ஸ்வஸ்திகா. வான்படையின் சின்னத்தையே கான்கிரீட்டில் வார்த்து வைத்தார்கள். ஆகாயத்திலிருந்து விழுந்து செத்தவர்களை, ஆகாயத்திலிருந்து பாயும் பறவையாக மாற்றிய சின்னம். தோல்விக்கு வெகு அருகில் போன ஒரு தாக்குதல், அந்தக் கான்கிரீட்டில் வேட்டையாகிவிட்டது.

1945இல் ஜெர்மானியர்கள் போன பின்பு இதை உடைத்திருக்கலாம். யாரும் உடைக்கவில்லை. ஸ்வஸ்திகாவை மட்டும் சிமெண்டு பூசி மறைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். கவனியுங்கள், ‘பாதுகாத்தார்கள்’ என்று நான் சொல்லவில்லை. பெயிண்டு உதிர்ந்தது, காரை பெயர்ந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன, நகரம் வளர்ந்து ஸ்தூபியை விழுங்கியது. ஜனங்கள் அதற்கு ‘யெர்மானிகோ பூலி’, ஜெர்மன் பறவை என்று பெயர் வைத்தார்கள். கெட்ட பறவை என்றும் சொல்வதுண்டு. 2000களின் தொடக்கத்தில் ஒரு புயலில் பறவை உடைந்து விழுந்தது. பீடம் மட்டும் கிறுக்கல்களோடு நிற்கிறது.

என்னைப் பொறுத்தவரை இது அலட்சியம் அல்ல, ஒருவகை அரசியல். உடைத்தால் அதுவும் ஒரு சடங்குதான். உடைப்பதற்கு விழா எடுக்க வேண்டும், விழாவில் அமைச்சர் பேச வேண்டும். ஊர்க்காரர்கள் அந்த மரியாதையைக்கூட அதற்குத் தரவில்லை. பேரரசின் வீரகாவியத்தை எடுத்து, வழிசொல்லப் பயன்படும் ஒரு அடையாளமாக்கிவிட்டார்கள். ‘ஜெர்மன் பறவை பக்கத்துல’ என்று சொன்னால் அங்கே இறந்தவர்களின் மேன்மை எதுவும் கேட்பவன் காதில் விழாது. காந்தனோஸில் எதிரியின் வாசகத்தை வைத்துக்கொண்டு அர்த்தத்தைத் திருப்பினார்கள் என்றால், இங்கே கல்லை வைத்துக்கொண்டு அர்த்தத்தை உலர விட்டுவிட்டார்கள்.

5

மூன்றாவது, மாலெமெயில் 107ஆம் குன்றின் மேலிருக்கும் ஜெர்மன் போர்க்கல்லறை. மே 20ஆம் தேதி இரவு நியூசிலாந்துப் பட்டாலியன் இந்தக் குன்றை விட்டுப் பின்வாங்கியதுதான் தீவின் விதியைத் தீர்மானித்தது என்று போர் வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். 4,400க்கு மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கற்கள், கல்லுக்கு இரண்டு பெயர். இதைக் கட்டிய ஜெர்மன் போர்க்கல்லறைச் சங்கம் 1974 அக்டோபரில் திறந்து வைத்தது. அதுவரை எலும்புகள் கோனியா மடாலயத்தில் காத்திருந்தன.

இந்தக் கல்லறையின் முதல் காவலர்களில் இரண்டு பேர் கிரீட்டின் எதிர்ப்புப் போராளிகள். ஒருவர் மனோலிஸ் பாதெராகிஸ். 1944 ஏப்ரலில் ஜெர்மன் ஜெனரல் க்ரைப்பெயைக் கடத்திய குழுவில் இருந்தவர். இன்னொருவர் யோர்கோஸ் ப்ஸிஹுண்டாகிஸ். ஆடு மேய்த்தவர், மலைக்கு மலை செய்தி சுமந்து ஓடியவர். அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் 1955இல் ‘கிரீட் ஓட்டக்காரன்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வந்து பெயர் பெற்றன. பின்னாளில் ஹோமரின் இரண்டு காவியங்களையும் கிரீட் வட்டார வழக்கில் பெயர்த்தார். 1942 முதல் 1944 வரை கிரீட்டின் ஜெர்மன் தளபதியாக இருந்த புரூனோ ப்ராயர், தாக்குதலின் ஆறாவது ஆண்டு நாளான 1947 மே 20 அன்று ஏதென்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னால் அவருடைய எலும்புகள் மாலெமெக்கு வந்தபோது, அவற்றைப் புதைத்ததும் ப்ஸிஹுண்டாகிஸ்தான்.

இந்தக் கதையைச் சுற்றுலாக் கையேடுகள் சமரசத்தின் உவமையாகச் சொல்லும். பழைய பகைவனின் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றும் பெருந்தன்மை, மரணத்தில் எல்லோரும் சமம், இத்யாதி. எனக்கு இந்த உவமை உறுத்துகிறது. போர் முடிந்ததும் ப்ஸிஹுண்டாகிஸுக்குச் சொந்த அரசு கொடுத்த பரிசு என்ன? ஓடிப்போன சிப்பாய் என்று தவறாகக் குற்றம்சாட்டிச் சிறையில் போட்டது. தன் நினைவுக்குறிப்புகளை எழுதத் தொடங்கியதே அங்கேதான். வெளியே வந்தபின் கரி சுட்டுப் பிழைத்தார். கல்லறைக் காவல் என்பது அவருக்கு முதலில் ஒரு சம்பளம். நட்டவனும் உள்ளே இருப்பவனும் ஜெர்மன். பார்த்துக்கொள்பவன் மட்டும் கிரீட்டின் ஏழை. அவர் மனதில் பெருந்தன்மை இருந்திருக்கலாம், அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்தப் பெருந்தன்மையைக் காட்டி, வறுமையையும் அரசின் துரோகத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதற்குத்தான் ‘சமரசம்’ என்ற சொல்லாடல் உதவுகிறது.

நீதியும் இப்படித்தான் கோணலாக விழுந்தது. ப்ராயரைச் சுட்டார்கள். பழிவாங்கும் உத்தரவைப் போட்ட ஷ்டுடெண்ட் 1946இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார். அங்கே விசாரிக்கப்பட்டது போர்க்கைதிகள் நடத்தப்பட்ட விதம், கிரீட் கிராமங்கள் அல்ல. ஐந்து வருஷத் தண்டனை விதித்தார்கள், அது உறுதிசெய்யப்படவில்லை. கிரீஸ் கேட்டும் அவரை ஒப்படைக்கவில்லை. 1978இல் முதுமையில் இறந்தார். காந்தனோஸின் கொலைக்கு அவர் ஒருநாளும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

6

கிரேக்க அரசையும் இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, ஆக்கிரமிப்பை எதிர்த்த இடதுசாரிகள் தேசத் துரோகிகளாயினர். நாடு கடத்தலும் சிறையும் கிடைத்தன. தேசிய எதிர்ப்பு இயக்கத்தில் அவர்களும் உண்டு என்று அரசு சட்டம் போட்டு ஒத்துக்கொண்டது 1982இல்தான். எதிரி 1941இல் ஒரு பலகையில் ஊரையே, ஒருத்தர் விடாமல், எதிர்த்தவர்கள் என்று எழுதிவிட்டுப் போனான். சொந்த அரசுக்கோ எதிர்த்தவர் எல்லோரையும் ஒரே பட்டியலில் எழுத நாற்பது வருஷம் பிடித்தது. இந்த முரண்நகையில்தான் காந்தனோஸ் பலகையின் முழு வலுவும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து வேறு மாதிரி வந்தவர்களும் உண்டு. 1960களின் தொடக்கத்தில், பாவநிவர்த்தி இயக்கம் என்று சொல்லத்தக்க ஒரு ஜெர்மன் கிறிஸ்தவ அமைப்பின் இளைஞர்கள் காந்தனோஸுக்கு வந்து குடிநீர்த் திட்டம் ஒன்றைக் கட்டித்தந்தார்கள். கல் நடவில்லை, தண்ணீர் கொண்டுவந்தார்கள். வருத்தம் தெரிவிப்பதற்கு இது நல்ல இலக்கணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அரசுகளின் இலக்கணம் வேறு. கிரேக்க நாடாளுமன்றம் 2019 ஏப்ரலில் போர் இழப்பீடு கேட்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இரு ஜெர்மனிகளும் இணைவதற்கான 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு விவகாரம் முடிந்தது என்பது ஜெர்மன் அரசின் நிலைப்பாடு. 2024 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மன் ஜனாதிபதி ஷ்டைன்மையர் காந்தனோஸுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுப் பேச்சு சட்டப்படி முடிந்துவிட்டது என்ற நிலையில் மாற்றம் எதுவும் இல்லை. நியாயம் வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன.

மன்னிப்புக் கேட்பவர் அந்த நினைவிடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அங்கே அவருடைய மொழியில், அவருடைய நாட்டுப் படை எழுதிய வாசகம் நிற்கிறது. கிரேக்கத்தில் உருக்கமாக எழுதப்பட்ட ஒரு கல் மட்டும் இருந்தால் அதன் முன் தலைகுனிந்துவிட்டுப் போய்விடலாம். இதன் முன் தலைகுனிவதற்கு முன்னால் படித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஊர்க்காரர்கள் அதை எடுத்துப்போடாமல் வைத்திருப்பதன் அர்த்தம் இதுதான். நட்டவன் போய்விட்டான், வாசகம் போகவில்லை. அது இன்னும் முகவரி மாறாத கடிதம் போல, எழுதியவனின் வாரிசுகள் வந்து வாசிப்பதற்காகக் காத்திருக்கிறது. பதில் வரும்வரை ஊர் அதைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கும்.